காய் நறுக்கும் பலகை மேல் ஒரு காமிரா

என் கணவரின் காமிராவுக்கு இரண்டு கண்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மேல்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. உச்சியில் இருக்கும் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தால் எதிரில் இருப்பது சின்னதாகக் கண்ணாடியில் தெரியும். ஃபிலிம் சுருள் போடுகிற பழைய ரகம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். கிளார்க் வேலை கிடைத்து டில்லிக்கு வந்த புதிதில் அவர் வாங்கியது. கல்யாணமாகி நான் வந்தபோது எனக்கு முன்பே அது வீட்டில் இருந்தது.

தூரத்தில் இருப்பதை எடுத்தால் இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒன்றையே பார்க்கும். ஒரு முழத்துக்குள் இருக்கும் பூவையோ பொம்மையையோ எடுத்தால் அப்படி இல்லை. மேல்கண் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழ்க்கண் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை அவர் எனக்கு ஒரு தரம் விளக்கிச் சொன்னார்.

“உன் கண்ணு பாக்குது. ஆனா வாய்தான் படம் பிடிக்குதுன்னு வச்சுக்கோ. கண்ணு பாத்தத வாயும் பாக்கணும்னா என்ன செய்யணும்? வாயத் தூக்கிக் கண்ணு இருந்த எடத்துக்குக் கொண்டு வரணும். அம்புட்டுதான்.”

நான் தலையை ஆட்டினேன். புரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புரியவில்லை என்று சொல்ல எப்போதும் எனக்குக் கூச்சம். கேட்டிருந்தால் இன்னொரு தரம் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

வாயைத் தூக்குவதற்கு அவர் வைத்திருந்தது ஒரு தேக்குக் கட்டை. ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு எவ்வளவு இடைவெளியோ, அதே கனம். ஆசாரி பக்கத்திலேயே நின்று இழைத்து வாங்கியது. வழுக்காமல் இருக்க அதற்கு ஒரு கறுப்புத் துணி சுற்றியிருக்கும். காமிராவை ஸ்டூலில் வைத்து, மேல்கண் வழியாகப் பார்த்து, எல்லாம் சரி என்றானதும் காமிராவைத் தூக்கி, கட்டையை அடியில் தள்ளி, அதன் மேல் இறக்க வேண்டும். அப்புறம்தான் பட்டனை அழுத்த வேண்டும். ஏற்றிய பிறகு மறுபடி குனிந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் மேல்கண் இன்னும் மேலே போயிருக்கும், எல்லாம் தப்பாகத்தான் தெரியும்.

“இனிமே நம்ம கண்ண நம்பக்கூடாது ஏட்டி, கட்டைய நம்பணும்” என்பார்.

அவர் கை நடுங்க ஆரம்பித்த பிறகு கட்டை வைப்பது என் வேலையானது. “வை” என்பார். தூக்கி வைப்பேன். “வச்சாச்சா?” என்பார். “வச்சாச்சு” என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் மகனோடு ஆர்.கே.புரத்தில், அவனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அவனும் மருமகளும் ஒன்பது மணிக்குள் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்கு இவரும் பஸ் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மந்திர் மார்க் பக்கம் பழைய ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். டீ, பேச்சு, சண்டை. இரண்டு மணிக்குத் திரும்புவார். அந்த நாலு மணி நேரம் எனக்குப் பிடிக்காது. ஐம்பது வருஷம் டில்லியில் இருந்தும் என் ஹிந்தி காய்கறி வண்டியோடு நின்றுவிட்டது. யாராவது கதவைத் தட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருப்பேன். வருகிறவர்கள் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள்.

சென்ற வருஷம் மழை முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவர் இரண்டு மணிக்கு வரவில்லை. நாலாயிற்று, ஐந்தாயிற்று. போன் அணைந்திருந்தது. கடைசியில் யாரோ ஒரு ஆட்டோக்காரர் தன் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டார். அன்றைக்கு பஸ்ஸை விட்டு மெட்ரோவில் ஏறியவர், எங்கோ இறங்கி வெளியே நின்றுகொண்டிருந்தாராம். மகன் போய் அழைத்து வந்தான். தூங்கிவிட்டேன், கண் விழித்த இடத்தில் இறங்கிவிட்டேன், போனில் சார்ஜ் இல்லை என்றார் இவர். மகன் போனை வாங்கிச் சார்ஜில் போட்டான். ஆனால் அன்றிலிருந்து அவன் இவரைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது.

நவராத்திரி மூன்றாம் நாள் காலையில் அது வெடித்தது. எல்லாருக்கும் லீவு. நான் அடுக்களையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இனிமே தனியாப் போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் மனுசனா இருந்தாப் போதும்னு சொல்லுதியா?”

“அரே, நான் அப்படியா சொன்னேன்? உங்களுக்கு மறதி வருது. ஒத்துக்கோங்க.”

இவர் கொலுவின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “கொலுவுல மூணாம் படியில பன்னெண்டு பொம்மை இருக்கு. பன்னெண்டையும் கிட்டத்துல வச்சுப் படம் எடுக்குதேன். நூலு புடிச்சுத் தூரம் பாக்கணும். கிட்டப் பாக்குத கண்ணாடிய மேல மாட்டி, பொறவு கழட்டிக் கீழ மாட்டணும். கட்ட வைக்கணும். சுருளத் திருப்பணும். மறதிக்காரன் எதையாவது விட்டுருவான்லா? ஒரு படம் கோளாறுன்னாலும் நீ சொல்லுதபடி வீட்டுல கெடக்கேன். பன்னெண்டும் சரியா வந்தா என் பஸ் பாஸ்ல நீ கை வைக்கப்படாது.”

“அச்சா, டீல்” என்றான் மகன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இவர் சிரிக்கவில்லை.

அடுக்களையில் நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தத் தேக்குக் கட்டை காமிராப் பெட்டியில் இல்லை. கொலுப்படிக்கு அடியில் இருந்தது.

எங்கள் கொலுப்படி கடையில் வாங்கியது இல்லை. டிரங்குப் பெட்டி, பழைய அரிசி டின், அவற்றின் மேல் பலகை, எல்லாவற்றையும் மூடி ஒரு வேட்டி. அமாவாசை அன்று அடுக்கும்போது மூன்றாம் படி ஒரு பக்கம் ஆடியது. அட்டை, செங்கல் துண்டு, எதை வைத்தாலும் கூடுதலாகவோ குறைச்சலாகவோ இருந்தது. கையில் அகப்பட்ட இந்தக் கட்டையை, துணியை அவிழ்த்துவிட்டு வைத்தேன். கச்சிதமாக நின்றது. வேறு ஏதாவது கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கலசம் வைத்தாயிற்று. கலசம் வைத்துவிட்டால் படியை அசைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பத்தாம் நாள் ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் படியில் கை வைக்கலாம்.

போய்ச் சொல்லியிருக்கலாம். “கட்டை படிக்கு அடியில் இருக்கு, ஒரு வாரம் பொறுங்க” என்று ஒரு வாக்கியம். அதை வேறு எதற்கும் எடுக்காதே என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மகன் முன்னால், மருமகள் முன்னால் சத்தம் போடுவார் என்று பயந்தேன். முள்ளங்கி நறுக்கிய பலகையைப் பார்த்தேன். கை அகலம்தான் இருக்கும். கழுவித் துடைத்து, கறுப்புத் துணியைச் சுற்றினேன். கனம் குறைவுதான். ஒரு விரல் போலக் குறையும். தூக்குவதற்குத்தானே கட்டை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு தூக்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைக்கூட அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டூலைக் கொலுவுக்கு முன்னால் போட்டார். அதன் மேல் இரண்டு தடித்த புத்தகம், அதன் மேல் காமிரா. மூன்றாம் படியில் தசாவதாரம் பத்து, ஓரத்தில் செட்டியாரும் செட்டியாரம்மாவும். எல்லாம் ஒரே உயரம். மீனிலிருந்து ஆரம்பித்தார். நூலை நீட்டி அளந்தார். குனிந்து பார்த்தார். பொம்மையின் கிரீட நுனி படத்தின் மேல் ஓரத்தை உரசிக்கொண்டு நிற்க வேண்டும், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். சின்னக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே மாட்டினார்.

“வை.”

வைத்தேன். அவர் காமிராவைப் பார்க்கவில்லை. விசிறிக் காற்றில் மாலை ஆடுகிறதா என்று பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

மூக்கைச் சுளித்தார். “என்னது, முள்ளங்கி மணக்கு?”

“என் கையிலங்க.”

“பெருமாளுக்கு முன்னால முள்ளங்கிக் கையோடயா வந்து நிக்க? போட்டும். மீனு ஒண்ணும் சொல்லாது.”

மகன் சோபாவிலிருந்து சிரித்தான். பன்னிரண்டு தரம் தூக்கினேன், பன்னிரண்டு தரம் வைத்தேன், பன்னிரண்டு தரம் வச்சாச்சு என்றேன். ஒரு தரம்கூட அவர் எதையும் மறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நூல், கண்ணாடி, சுருள், ஒன்றையும் விடவில்லை. முடித்து நிமிர்ந்தபோது முகம் வேர்த்திருந்தது. மகனைப் பார்த்து, “பாத்தியா?” என்றார்.

கொலு கலைத்த அன்று கட்டையை எடுத்துத் துடைத்து, கறுப்புத் துணியைச் சுற்றி, காமிராப் பெட்டியில் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

ஃபிலிம் கழுவுகிற கடையிலிருந்து படங்கள் மகனின் போனுக்கு வந்தன. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் இவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினான். நான் டீ கொண்டுவந்தேன். மீனுக்கு நெற்றிக்கு மேல் இல்லை. ஆமைக்கு இல்லை. வாமனர் குடை பிடித்திருந்தார், குடையின் துணி இல்லை, காம்புதான் இருந்தது. செட்டியாருக்குத் தலைப்பாகை போயிருந்தது. பன்னிரண்டும் அப்படி. கீழே மட்டும் படியின் வேட்டி மடிப்பு தாராளமாகத் தெரிந்தது.

நரசிம்மர் படத்தில் இவர் விரலை வைத்தார். “தூணப் பொளந்துக்கிட்டு வந்தவரு, என் பெட்டிக்குள்ள வரச்சில தல இடிச்சுட்டாரு போல” என்றார்.

“கட்டை வைக்க மறந்துட்டீங்களாப்பா?” மகன் மெதுவாகத்தான் கேட்டான்.

“வச்சோமே.” என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, வச்சோம்லா?”

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். வைத்தோம் என்றால், எதை வைத்தாய் என்ற கேள்வி வரும். டீத் தம்ளரைக் கீழே வைத்தேன்.

“எனக்குச் சரியா நெனவில்லங்க” என்றேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவரைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போய்ப் பஸ் பாஸை எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தார். காமிராப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து அவர் எங்கும் போகவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்கு அதிக வெட்கம் தருவது. அந்தக் குளிர்காலம் எனக்கு நன்றாக இருந்தது. பத்து மணிக்குப் பால்கனியில் வெயில் வரும். இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். நடுவில் ஒரு முறம் நிறையப் பட்டாணி. அவர் உரிப்பார், நான் உரிப்பேன். கேரட் வந்த சமயத்தில் அவரே துருவிக் கொடுத்தார். கதவு தட்டினால் அவர் போய்த் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து பகலெல்லாம் அவர் இப்படி என்னோடு இருந்ததே இல்லை. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் அறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், சொன்னால் நாளைக்குப் பத்து மணிக்கு இவர் செருப்பைப் போட்டுக்கொள்வார் என்று தெரியும். பொங்கல் போகட்டும் என்றேன். குளிர் போகட்டும் என்றேன்.

அவர் குறைந்துகொண்டே வந்தார். முதலில் நான் கவனிக்கவில்லை. மாத்திரை போட்டேனா என்று கேட்டார். சாவி எங்கே வைத்தேன் என்று கேட்டார். எல்லாம் சரியாகச் செய்திருப்பார், ஆனாலும் கேட்பார். போனில் நண்பர்கள் கூப்பிட்டால், “எனக்கு இப்பம் முடியல” என்று வைத்துவிடுவார். மகன் டாக்டரிடம் அழைத்துப்போக நாள் குறித்தான். சரி என்றார்.

ஹோலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான், மருமகள் கடைக்குப் போயிருந்தாள். இவர் குளியலறையிலிருந்து வந்தார். தோளில் ஈரத் துண்டு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக் காலரில் இறங்கியது. அடுக்களை வாசலில் நின்று என்னைக் கேட்டார்:

“நான் குளிச்சுட்டேனா ஏட்டி?”

அவருக்குத் தெரியும். தலை நனைந்திருப்பது தெரியாமலா இருக்கும்? ஆனால் தன் தலையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, நான் சொன்னால் நிச்சயம் என்று அவருக்கு ஆகிவிட்டது. பொய் சொன்ன என்னைப் போய் நம்பினார்.

அடுப்பை அணைத்தேன். கூடத்துக்கு வந்து இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னேன். “அன்னைக்குக் கட்டை கொலுப்படிக்கு அடியில இருந்துச்சு. நான் வச்சது காய் நறுக்குத பலகை. அவர் ஒண்ணும் மறக்கல.”

மகன் பேப்பரை மடித்தான். “அம்மா, வேண்டாம். அப்பாவைக் காப்பாத்தறதுக்காக நீ இப்படிச் சொல்லாத. அப்ப நினைவில்லன்னு சொன்ன. இப்ப திடீர்னு நினைவு வந்துடுச்சா?”

இவரும் நம்பவில்லை. “நீ விடு. எனக்காவண்டிப் பொய் சொல்லிப் பழகாத” என்றார்.

பொய் சொன்னபோது நம்பிய இரண்டு பேரும் நிஜத்தை நம்பவில்லை. நான் அத்தனை மாதமும் அந்தப் படங்களை மனசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தவள். கண்ணும் வாயும் என்று அவர் சொன்னது பட்டாணி உரிக்கும்போது ஒரு நாள் எனக்குப் புரிந்துவிட்டது. மகனைப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியையும் காமிராப் பெட்டியையும் இறக்கச் சொன்னேன். நான் அப்படி வேலை ஏவி அவன் பார்த்ததில்லை. இறக்கினான்.

பேப்பர் சுற்றலிலிருந்து நரசிம்மரை எடுத்து மேசையில் வைத்தேன். முந்தின வருஷம் எடுத்த படம் ஆல்பத்தில் இருந்தது, அதைப் பக்கத்தில் வைத்தேன். அதில் கிரீட நுனி சரியாக ஓரத்தில் நின்றது. மகனிடம் போனில் இந்தக் கொலுவுக்கு எடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன். அதில் ஓரம் புருவத்துக்கு மேல் நெற்றியில் இருந்தது.

“கட்டையே வைக்காம விட்டிருந்தா, கட்டையோட முழுக் கனத்துக்கும் தலை போயிருக்கும். மூக்குக்குக் கீழ வரைக்கும் போயிருக்கும். போகல. சில படத்துல மறந்திருந்தா சிலது சரியா வந்திருக்கும். வரல. பன்னெண்டும் ஒரே அளவு” என்றேன். கட்டையையும் பலகையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். “இப்ப நீயே அளந்து பாரு.”

மகன் ஸ்கேல் எடுத்து வந்தான். கட்டையை அளந்தான், பலகையை அளந்தான், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தான். பிறகு நரசிம்மரின் கிரீட நுனியிலிருந்து நெற்றியில் படம் வெட்டிய இடம் வரைக்கும் அளந்தான். இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருந்தது. இவர் குனிந்து பார்த்தார். காமிராவுக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம்.

“அம்மா...” என்றான் மகன்.

இவர் நிமிர்ந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது. “அப்பம் நான் ஒண்ணையும் விடலலா?” என்றார். “பன்னெண்டுலயும்?”

“ஒண்ணையும் விடல.”

கையால் ஈரத் தலையை ஒரு தரம் தடவினார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“சரி. கொலு அன்னைக்குப் பயந்த. படம் வந்த அன்னைக்கும் பயந்த. பொறவு அஞ்சு மாசம் என்ன செஞ்ச?”

பயந்துகொண்டே இருந்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நான் அப்படிப்பட்டவள்தான் என்று ஊருக்கே தெரியும். மேசையில் அளந்து வைத்ததற்குப் பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நீங்க வீட்டுல இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சுங்க” என்றேன்.

மகன் மெதுவாக உள்ளே போய் பஸ் பாஸை எடுத்து வந்து மேசையில், நரசிம்மர் பக்கத்தில் வைத்தான். இவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. சாப்பிடும்போது உப்பு கேட்டார், கொடுத்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரிடம் குறித்திருந்த நாளை மகன் ரத்து செய்யவில்லை, ஒரு தரம் காட்டிவிடுவோம் என்றான். அவர் பஸ் ஏறித் தனியாகவே போய்க் காட்டிவிட்டு வந்தார். வயசுக்கு உள்ளதுதான் என்றார்களாம். அதையும் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போதும் தினமும் போகிறார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைய கதையெல்லாம் சொல்கிறார். யார் வந்தார்கள், யாருக்குக் கண் ஆபரேஷன், எந்த பஸ்ஸில் யாரோடு சண்டை. மகன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், மகன் சிரிக்கிறான். நான் பக்கத்தில் நின்று ரசத்தைக் கலக்கி ஊற்றுகிறேன். போதும் என்று கையைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவனிடம் தொடர்கிறார்.